குழந்தைக் கொலையை நிறுத்து (இயக்கம்)

குழந்தைக் கொலையை நிறுத்து (டச்சு மொழியில்: ஸ்டாப் டெ கின்டர்மோர்ட்) என்பது 1972 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் தோன்றிய, பாதுகாப்பான தெருக்களை வேண்டிய மக்கள் இயக்கம் ஆகும். சாலை விபத்துகளில் சிறுவர்கள் பெருமளவில் இறந்து வந்ததை எதிர்த்துப் பெற்றோர் இதனைத் தொடங்கினர். இன்று உலகில் மிதிவண்டிப் பயன்பாட்டுக்குப் பெயர்பெற்ற நாடாக நெதர்லாந்து விளங்குவதற்கான காரணங்களுள் இவ்வியக்கமும் ஒன்றாகக் கருதப்படுகின்றது. நெதர்லாந்தின் மிதிவண்டிப் பாதைகள் அந்நாட்டின் தட்டையான நிலத்தினாலோ பழைய மரபினாலோ மட்டும் அமைந்தவை அல்ல. 1970களில் மக்கள் கேட்டுப் பெற்றவையும் அவற்றுள் அடங்கும்.

பெயர்

"கின்டர்மோர்ட்" என்ற டச்சுச் சொல்லுக்குக் குழந்தைக் கொலை என்பது பொருள். விவிலியத்தில் ஏரோது மன்னன் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் செய்த நிகழ்வையும் டச்சு மொழியில் இச்சொல்லால் குறிப்பர். "விபத்து" என்னும் சொல் யாரையும் பொறுப்பாக்குவதில்லை. அதற்கு மாறாகக் "கொலை" என்ற கடுமையான சொல்லை ஆண்டதன் மூலம், இவ்விறப்புகள் தவிர்க்கக் கூடியவை என்பதை இயக்கத்தினர் உணர்த்தினர்.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் நெதர்லாந்து நகரங்களில் மிதிவண்டியே முதன்மையான போக்குவரத்து ஊர்தியாக இருந்தது. 1950களிலும் 1960களிலும் நாட்டின் பொருளாதாரம் வளர, மகிழுந்துகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. மிதிவண்டி ஓட்டுவோர் தொகை ஆண்டுதோறும் குறைந்தது. ஒடுங்கிய பழைய தெருக்களும் நகரச் சதுக்கங்களும் ஊர்தி நிறுத்துமிடங்களாயின. உத்ரெக்ட் நகரில் பழைய அகழி ஒன்றின் பகுதி தூர்க்கப்பட்டு அங்கே அகன்ற சாலை அமைக்கப்பட்டது. (அந்த அகழி 2020 ஆம் ஆண்டில் மீண்டும் நீர்வழியாக்கப்பட்டது.) ஆம்ஸ்டர்டாமின் மையத்துக்குள் ஆறு தடங்கள் கொண்ட விரைவுச்சாலையைக் கொண்டுசெல்லும் திட்டத்தை டேவிட் யோக்கினென் என்ற அமெரிக்கத் திட்டமிடலாளர் 1967 இல் முன்வைத்தார். அது நிறைவேறவில்லை.

இப்போக்குக்கு எதிரான குரல்கள் முன்னரே எழுந்திருந்தன. 1965 இல் ஆம்ஸ்டர்டாமின் புரோவோ என்ற இளைஞர் குழுவைச் சேர்ந்த லூட் ஸ்கிமல்பெனிங்க், எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வெள்ளை நிறப் பொது மிதிவண்டிகளை நகரெங்கும் வைக்கும் திட்டத்தை அறிவித்தார். குழுவினர் வெள்ளை பூசி வீதியில் விட்ட மிதிவண்டிகளைக் காவல்துறை கைப்பற்றியது. எனினும் பிற்காலத்தில் பல நாடுகளில் பரவிய பொது மிதிவண்டித் திட்டங்களுக்கு இது முன்னோடி ஆயிற்று.

1971 ஆம் ஆண்டில் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் 400 பேருக்கு மேற்பட்டோர் சிறுவர்கள். அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 1.3 கோடி மட்டுமே.

தோற்றம்

டெ தைட் என்ற நாளிதழின் இதழாளர் விக் லாங்கன்ஹோஃப். இவரது ஆறு வயது மகள் 1971 இல் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும்போது மகிழுந்து மோதி இறந்தாள். 1972 இல் அவர் தம் இதழில் எழுதிய கட்டுரையில், சிறுவர்களின் சாலை இறப்புகளை நாடு பொருட்படுத்தாதிருப்பதைச் சாடி, இதற்கென அழுத்தக் குழு ஒன்று வேண்டும் என்று கோரினார். அக்கட்டுரையின் தலைப்பே இயக்கத்தின் பெயராகியது.

நாடெங்குமிருந்து பெற்றோர் இக்கோரிக்கைக்கு ஆதரவளித்தனர். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த இளம் தாயான மார்த்யே வான் புட்டன் இயக்கத்தின் முதல் தலைவரானார். இவர் பின்னர் 1989 முதல் 1999 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் டெ பைப் பகுதியில் சிறுவர்களே போராட்டத்தில் இறங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெருக்கமாகக் கட்டப்பட்ட இப்பகுதியில் அவர்கள் விளையாட இடம் இல்லை. அவர்கள் கையொப்பம் திரட்டியதையும், தெருவை அடைத்து விளையாடியதையும், சினமுற்ற ஓட்டுநர்கள் தடைகளை அகற்ற முயன்றதையும் 1972 இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று பதிவு செய்துள்ளது.

போராட்ட முறைகள்

இயக்கத்தினர் வன்முறையைத் தவிர்த்தனர். அவர்கள் கையாண்ட முறைகளுள் சில:

- மிதிவண்டிப் பேரணிகள் நடத்துதல்
- அடிக்கடி விபத்து நிகழும் இடங்களில் கூடி மறியல் செய்தல்
- தெருவை ஒரு நாள் அடைத்து, சிறுவர்களை விளையாட விட்டு, மேசைகளைத் தெருவில் இட்டு அயலாருடன் உணவருந்துதல்
- தலைமை அமைச்சர் யோப் டென் அய்லின் வீட்டுக்கு மிதிவண்டிகளில் சென்று, பாதுகாப்பான தெருக்களை வேண்டிப் பாட்டுப் பாடுதல். அவரும் வெளியே வந்து அவர்களுக்குச் செவிசாய்த்தார்.

எண்ணெய் நெருக்கடி

1973 அக்டோபரில் அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. எரிபொருளைச் சேமிக்க 1973 நவம்பர் 4 முதல் 1974 சனவரி தொடக்கம் வரை மகிழுந்து இல்லா ஞாயிற்றுக்கிழமைகளை அரசு நடைமுறைப்படுத்தியது. வெறிச்சோடிய விரைவுச்சாலைகளில் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சென்றனர். ஊர்திகள் இல்லாத நகரம் எவ்வாறு இருக்கும் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டமை இயக்கத்துக்கு வலுச்சேர்த்தது. 1975 இல் மிதிவண்டி ஓட்டுவோருக்கான சங்கம் (இன்றைய ஃபீட்சர்ஸ்பொண்ட்) தொடங்கப்பட்டது.

விளைவுகள்

வூன்எர்ஃப்

இதனைக் "குடியிருப்பு முற்றம்" எனலாம். டெல்ஃப்ட் நகரில் அமைக்கப்பட்டுப் புகழ்பெற்ற இத்தெருக்கள், 1976 இல் சட்ட ஏற்புப் பெற்றன. இங்கே தனி நடைபாதை கிடையாது. தெரு முழுவதும் நடப்போருக்கும் விளையாடும் சிறுவருக்கும் உரியது. ஊர்திகள் நடை வேகத்திலேயே செல்ல வேண்டும். மரங்கள், பூந்தொட்டிகள், வளைவுகள், மேடுகள் ஆகியன வேகத்தை இயல்பாகவே கட்டுப்படுத்துகின்றன. எச்சரிக்கைப் பலகையை நம்பாமல் தெருவின் வடிவத்தையே மாற்றுதல் இதன் அடிப்படைக் கருத்து ஆகும்.

மிதிவண்டிப் பாதைகள்

1970களில் டில்பர்க், ஹேக் ஆகிய நகரங்களில் அரசின் நிதியுதவியுடன் முன்மாதிரிப் பாதைகள் அமைக்கப்பட்டன. பின்னர் டெல்ஃப்ட் நகரில், தனிப் பாதை ஒன்றுக்கு மாற்றாக நகர் முழுவதையும் இணைக்கும் பாதை வலையமைப்பு உருவாக்கப்பட்டது. ஒரு பாதை எவ்வளவு சிறப்பாக இருப்பினும், வீட்டு வாசலில் இருந்து பள்ளி வரை தொடர்ச்சி இல்லாவிடில் பயன் குறைவு என்பது இம்முயற்சிகள் தந்த பாடம் ஆகும்.

குரோனிங்கன் திட்டம்

குரோனிங்கன் நகரம் 1977 இல் தன் மையப் பகுதியை நான்கு பிரிவுகளாக்கியது. ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு மகிழுந்தில் நேரடியாகச் செல்ல இயலாது. சுற்றுச்சாலைக்குச் சென்றே திரும்ப வேண்டும். நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் நேராகச் செல்லலாம். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தபோதும் திட்டம் நிலைத்தது.

பாதுகாப்புக் கொள்கையும் சட்டமும்

1990களில் "நிலைத்த பாதுகாப்பு" என்ற கொள்கை ஏற்கப்பட்டது. மனிதர் தவறு செய்வர்; அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு சாலை அமைய வேண்டும் என்பது இதன் சாரம். இதன்படி ஒவ்வொரு சாலைக்கும் ஒரு பணி வரையறுக்கப்பட்டு, குடியிருப்புத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக எல்லை பரவலாக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் 2023 டிசம்பரில் தன் பெரும்பாலான தெருக்களுக்கு இவ்வெல்லையை விரிவாக்கியது.

14 வயதுக்குட்பட்ட சிறுவர் மீது மோட்டார் ஊர்தி மோதினால், இழப்பீட்டுப் பொறுப்பு பொதுவாக முழுமையும் ஊர்தி உரிமையாளரையே சாரும். இது உரிமையியல் இழப்பீடு பற்றியது; ஓட்டுநர் எப்போதும் குற்றவாளி எனக் கொள்ளப்படுவார் என்பது தவறான புரிதல் ஆகும்.

பிற்காலம்

2010 இல் நெதர்லாந்துச் சாலைகளில் இறந்தோர் மொத்தம் 640 பேர். அவர்களுள் சிறுவர்கள் 14 பேர். 1971 உடன் ஒப்பிடுகையில் மக்கள்தொகையும் ஊர்திகளும் மிகுந்திருந்த போதிலும் இக்குறைவு ஏற்பட்டது. இருக்கைப் பட்டை, சிறந்த மருத்துவ வசதி, மதுவருந்தி ஓட்டுதலுக்கு எதிரான சட்டங்கள் ஆகியனவும் இதற்குக் காரணங்கள். ஆகையால் முழுப் பெருமையையும் ஓர் இயக்கத்துக்கு மட்டும் உரித்தாக்க இயலாது. இயக்கம் பிற்காலத்தில் பெயர் மாற்றம் பெற்று, 2000 ஆம் ஆண்டில் வேறு சாலைப் பாதுகாப்பு அமைப்புகளுடன் இணைந்தது.

சிக்கல்கள் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 2017 இல் முதன்முறையாக, மகிழுந்தில் இறந்தோரை விட மிதிவண்டியில் இறந்தோர் மிகுதியாயினர். அவர்களுள் பெரும்பான்மையோர் முதியோர். மின் மிதிவண்டிகளின் பரவலும் இதில் பங்கு வகிக்கின்றது. 2022 இல் சாலைகளில் இறந்த 745 பேரில் 291 பேர் மிதிவண்டி ஓட்டியவர்கள். சிறுவர்களுக்காக 1972 இல் எழுப்பப்பட்ட கேள்வி, இன்று முதியோருக்காகவும் எழுப்பப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

- மிதிவண்டி
- நடைபாதை
- சாலைப் பாதுகாப்பு
- நகரத் திட்டமிடல்
- 1973 எண்ணெய் நெருக்கடி