எட்டில் நாலு தூங்கட்டுமா?

நம்ம மெக்கானிக்கல் செட்டில் பாதிப்பேர் அமெரிக்காவில் பிக்கப் டிரக் ஓட்டுகிறார்கள். போன் பண்ணினால் ஒரே கேள்விதான்: "ஓடும்போதே பாதி சிலிண்டர் நின்னுடுதேடா, அதை ஆஃப் பண்ணிடலாமா?" மலருக்குக் கட்டுரை கேட்டதும் இதையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யோசனை பழசு. 1916-17லேயே சின்சினாட்டியில் எங்கர் என்ற கம்பெனி, 12 சிலிண்டரில் 6-ஐ டிரைவரே நிறுத்தும்படி ஒரு கார் செய்தது, எடுபடவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியும், மைலேஜைக் கட்டாயமாக்கிய 1975 சட்டமும் வந்தபிறகுதான் மறுபடி ஞாபகம் வந்தது. 1981இல் காடிலாக், 6 லிட்டர் வி-8ஐ எட்டு, ஆறு, நாலு என்று மாற்றி மாற்றி ஓடவைத்தது. அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் போதவில்லை. வண்டி திணறியது. மெக்கானிக்குகள் ஒரே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டார்கள், வேலை முடிந்தது! அடுத்த வருடமே சாதாரண கார்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். லிமோசின்களில் மட்டும் 1984 வரை இருந்தது.

"ஒயரைக் கழற்றினால் போதும்" என்ற நினைப்பு அன்றைக்குப் பிறந்ததுதான். இன்றைக்கு அது பாதிதான் செல்லும். ஏன் என்கிறீர்களா?

தம்பிகளே, த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது எஞ்சின் மூச்சுத்திணறிக் காற்றை உறிஞ்சுகிறது. அதிலேயே சக்தி வீணாகிறது. நாலு சிலிண்டரைத் தூங்கவைத்தால் மற்ற நாலும் தாராளமாக மூச்சு விடலாம். இதற்காக 2005 மாடல்களில் கிறைஸ்லரும் ஜி.எம்.மும் தனி லிஃப்டர் வைத்தார்கள். ஆயில் பிரஷர் அதற்குள் இருக்கும் பூட்டு முள்ளைத் தள்ளியதும் லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கும், புஷ் ராட் எழும்பாது, இரண்டு வால்வும் மூடியே கிடக்கும். 2019இல் ஜி.எம். இதையே 17 விதமாக ஓடவைத்தது.

வம்பு அந்த லிஃப்டரில்தான். அது சிக்கிக்கொண்டால் கேம் ஷாஃப்டையும் தின்றுவிடும். டாஷ்போர்டுக்கு அடியில் செருகும் சின்னக் கருவி எட்டையும் எப்போதும் ஓடவைக்கும், வாஸ்தவம். ஆனால் அதே லிஃப்டர், அதே ஆயில் வழி எல்லாம் உள்ளேயேதானே இருக்கிறது! அடியோடு ஒழிக்க லிஃப்டர், கேம் ஷாஃப்ட், கம்ப்யூட்டர் புரோகிராம் மூன்றையும் மாற்றவேண்டும்.

நஷ்டம் எவ்வளவு? 2021இல் சிப் பஞ்சம் வந்தபோது ஜி.எம்.மே சில 5.3 லிட்டர் டிரக்குகளை இந்த வசதி இல்லாமல் விற்றது. காலனுக்கு ஒரு மைல் குறையும் என்று அவர்களே சொன்னார்கள். 20 மைல் 19 ஆனால், வருஷம் 15,000 மைலுக்கு ஏறக்குறைய 40 காலன் கூடும்.

என் கட்சி இதுதான்: வாரண்டி இருக்கும்வரை கை வைக்காதீர்கள், ஆயிலை மட்டும் நாள் தவறாமல் மாற்றுங்கள். வாரண்டி முடிந்து, அந்த அதிர்வும் சத்தமும் பிடிக்கவில்லை என்றால் கருவியைச் செருகுங்கள். லிஃப்டருக்கு இன்ஷூரன்ஸ் என்று நம்பிச் செருகவேண்டாம். முழுசாக மாற்றுவது, வேறு காரணத்துக்காக எஞ்சினைப் பிரிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.