மூணு பேர் போதுமா?

நமக்கு ஊர் குமுளிப் பக்கம். பெரியம்மா வண்டிப்பெரியாறில், முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே. மாமா கம்பத்தில், அந்த அணைத் தண்ணியில் நெல் போடுகிறவர். 2011 டிசம்பரில் குமுளி எல்லையில் தகராறாகி வண்டிகள் நின்ற வாரம், இங்கிருந்து ரெண்டு பேருக்கும் போன் போட்டேன். "அணை தாங்காதுய்யா" என்று அழுதார் பெரியம்மா. "எல்லாம் வதந்தி மாப்ளே" என்றார் மாமா. யாரை நம்ப?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூரும் வெள்ளைக்கார சர்க்காரும் 999 வருஷக் குத்தகை எழுதின. 1895ல் பென்னிகுவிக் அணையை முடித்தார். 1979ல் பயம் கிளம்ப, நீர்மட்டம் 136 அடிக்கு இறங்கியது. 2006ல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்றது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. 2014 மே 7ல் கோர்ட் அந்தச் சட்டத்தை ரத்து செய்து மூவர் குழு வைத்தது: மத்திய அரசு, தமிழ்நாடு, கேரளம், ஆளுக்கு ஒருவர்.

நான் ஆணி புடுங்குவது பிளாக்செயினில். அதனால் இந்த 'மூணு' எனக்கு உறுத்தும். 1982ல் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் நிரூபித்தது இது: கையெழுத்து இல்லாத வாய்ச்சேதியில், மூவரில் ஒருவர் ஆளுக்கொரு பேச்சு பேசினால், பொய்யர் யார் என்று மற்ற இருவருக்கும் பிடிபடாது. ஒரு பொய்யரைத் தாங்க நாலு பேராவது வேணும்.

2022 செப்டம்பரில் எதீரியம் மாறியது இந்தக் கணக்கின் வழிவந்த முறைக்குத்தான். சரிபார்ப்போர் குறைந்தது 32 ஈதர் டெபாசிட் கட்டி, ஒவ்வொரு ஓட்டிலும் கையெழுத்துப் போடுகிறார்கள். மூணில் ரெண்டு பங்கு டெபாசிட் ஒரு பக்கம் சேர்ந்தால்தான் பிளாக் உறுதி. ஏன் அந்த அளவு? சம டெபாசிட் கட்டிய நூறு பேர் என்று வையுங்கள். எதிரெதிரான ரெண்டு பிளாக்குக்கும் 67 பேர் வீதம் கையெழுத்து என்றால் மொத்தம் 134. அப்போது 34 பேராவது ரெண்டிலும் போட்டிருக்கணும். கையெழுத்தே சாட்சி, அவர்கள் டெபாசிட்டில் வெட்டு விழும்.

நேரில் உட்கார்ந்து பேசும் குழு கம்ப்யூட்டர் இல்லைதான். ஆனாலும் 2022 ஏப்ரலில் கோர்ட்டே ரெண்டு மாநிலத்துக்கும் ஒவ்வொரு வல்லுநரைக் கூடுதலாகச் சேர்த்தது.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. எழுதிய எண்ணில் எல்லோரும் ஒத்துப்போகத்தான் பிளாக்செயின் உதவும். அந்த எண் சரியா என்று அணையில் அளவுகோலைப் பார்ப்பவர்தான் சொல்லணும்.

மழை வலுத்தால் இப்பவும் ரெண்டு வீட்டுக்கும் போன் போடுகிறேன். கேள்வி ஒண்ணுதான்: "இன்னிக்கு எத்தனை அடி?" இருவரும் ஒரே எண்ணைச் சொல்லும் நாளில் நிம்மதியாகத் தூங்குகிறேன்.