எந்த ஊர்ச் சேறு?

1965 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், பஞ்சாபில் கேம்கரணுக்குப் பக்கத்து வயல்களில் சேறு என்ன நிறத்தில் இருந்தது? இதைக் கேட்கிற ஆள் ஒன்று மண் ஆய்வாளராக இருக்கணும், இல்லை டாங்கி மாடல் செய்கிறவராக இருக்கணும். நான் ரெண்டாவது ரகம். பகலில் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ராத்திரி பத்து மணிக்கு மேல் என் மேஜையில், நிஜ அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பேட்டன் டாங்கி.

பெட்டி வாங்கும்போதே சிக்கல் ஆரம்பிச்சிருது. பேட்டன் என்று கேட்டால் சுலபமாகக் கிடைப்பது தமியாவின் எம்48ஏ3. அது அமெரிக்கர்கள் வியட்நாமுக்குக் கொண்டுபோன வண்டி. 1965இல் பாகிஸ்தானிடம் இருந்தவை எம்47களும் எம்48இன் முந்தைய வகைகளும். 1954 ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்கா ராணுவ உதவியாகக் கொடுத்தவை. சரி, இத்தாலேரி கம்பெனியின் எம்47 பெட்டியைத் தேடிப் பிடிச்சாச்சு. ஒட்டியாச்சு, பச்சையும் அடிச்சாச்சு. இனி அழுக்காக்கணும். ஆனால் பேட்டனை அழுக்காக்கச் சொல்லித்தரும் பாடங்களில் பெரும்பாலானவை வியட்நாமைத்தான் காட்டுகின்றன. செக்கச்செவேல் என்ற லேட்டரைட் புழுதி, சக்கரத்திலிருந்து கோபுரம் வரைக்கும். அதை அப்படியே அப்பினால் பஞ்சாபில் ஓடிய டாங்கி மேல் வியட்நாம் மண் ஒட்டியிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது வேற போர்.

புது பிளாஸ்டிக்கின் மேல் வெயிலையும் மழையையும் துருவையும் வண்ணமாகப் பூசுகிற இந்த வேலைக்கு வெதரிங் என்று பேர். சின்ன வயசில் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சிங்கப்பூர் மாமா லீவுக்கு வரும்போது கொண்டுவந்த ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர், ஒரு ட்யூப் பசை, அவ்வளவுதான். ஒட்டினோம், ஸ்டிக்கரைத் தண்ணியில் ஊறப்போட்டு இறக்கினோம், ஷோகேஸில் டார்ஜிலிங் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தோம். பத்தாம் வகுப்பு வந்ததும் அது நின்றுபோச்சு. இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தால், ஒட்டுவது இப்போது பாதி வேலைகூட இல்லை. ஒட்டி முடித்த பிறகுதான் வேலையே.

இந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. ஜப்பானின் தமியா 1961இல் வெளியிட்ட பேந்தர் டாங்கிதான் 35இல் ஒரு பங்கு என்ற அளவைப் பிரபலமாக்கியது. அந்த அளவுக்குப் பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் உட்காரணும், அதுக்கு இடம் வேணும், கணக்குப் பார்த்தால் அப்படி வந்தது. அன்றைக்கு அது ஓடுகிற பொம்மை. தரையில் ஓடி ஓடித் தானாக அழுக்கானால் உண்டு. அதைப் படமாக, காட்சியாக மாற்றியவர்கள் அப்புறம் வந்தார்கள். அமெரிக்காவின் ஷெப் பெயின் டாங்கியைச் சுற்றி மனிதர்களையும் உடைந்த சுவர்களையும் வைத்துக் கதை சொன்னார். டயோரமா செய்வது பற்றிய அவருடைய புத்தகம் 1980இல் வந்தது. பெல்ஜியத்தின் ஃபிரான்ஸ்வா வெர்லிண்டன், நீர்த்த கறுப்பு பழுப்பை இடுக்குகளில் ஓடவிடுவது, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தடவி வெளுக்க வைப்பது என்ற இரண்டு உத்திகளை உலகம் முழுக்கப் பரப்பினார். 2000க்குப் பிறகு ஸ்பானியர்களின் காலம். மிக் ஹிமெனெஸ் போன்றவர்கள் ஆயில் பெயிண்ட், எனாமல், நிறமித் தூள் என்று அடுக்கடுக்காகப் போட்டு ஒரு முழுத் தொழிலையே உண்டாக்கிவிட்டார்கள். புழுதி இன்றைக்குக் குப்பியில் விற்கிறது. ‘ஐரோப்பியத் தூசு’, ‘வட ஆப்பிரிக்கத் தூசு’ என்று லேபிள் ஒட்டி. காசு கொடுத்துத் தூசு வாங்குகிறான் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நியாயமான சிரிப்புதான்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது வரிசை. முதலில் துரு நிறம், அதன் மேல் ஹேர் ஸ்பிரே, அதன் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பச்சை. பச்சை காய்ந்ததும் தண்ணீர் தொட்ட தூரிகையால் லேசாகத் தேய்த்தால், அடியில் இருக்கிற ஹேர் ஸ்பிரே இளகி, பச்சை சில்லுச் சில்லாகப் பெயர்ந்து துரு எட்டிப் பார்க்கும். பிறகு வார்னிஷ். அதன் மேல்தான் ஆயில் பெயிண்ட் கழுவல்கள். அவற்றைக் கரைக்கிற டர்பன்டைன் வகைத் திரவம் கீழே இருக்கிற அக்ரிலிக்கைத் தொடாது. கடைசியில் தூளும் சேறும். எது முதலில் நடந்ததோ அது அடியில், எது கடைசியில் நடந்ததோ அது மேலே. தொல்லியல் குழியைத் தலைகீழாகத் தோண்டுகிற மாதிரி, மண்ணடுக்கை நாமே போடுகிறோம்.

இதே சூத்திரத்தை எனக்கு நேரில் சொன்னவர் மாடல்காரர் இல்லை. எங்கள் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு வாஷிங் யூனிட்டின் மாஸ்டர். பையர் அனுப்பிய சாம்பிள் ஒன்று, புத்தம் புது டி-ஷர்ட் பத்து வருஷம் போட்ட மாதிரி இருக்கணும் என்பது ஆர்டர். எங்கள் முதல் பீஸ் ரிஜெக்ட் ஆகி வந்திருந்தது. மாஸ்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் போட்டார்.

“தம்பி, இது வெளுத்திருக்குது. பழசாகலீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே மாஸ்டர்?”

“எப்படிங்க ஒண்ணாகும்? துணி எங்க ஒரசுமோ அங்கதான் வெளுக்கும். காலர் ஓரம், தையல் மேடு, பாக்கெட் விளிம்பு. அக்குளுக்குள்ள எப்படி வெளுக்கும்? இதுல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடக்குது பாருங்க.”

நாலு புத்தகம் சொல்லித்தராததை இந்த ஆள் ஒரு காலரைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார். டாங்கியிலும் அதேதான். குழுவினர் ஏறி இறங்குகிற இடம், கதவின் விளிம்பு, கருவிப் பெட்டியின் மூலை, இங்கேதான் பெயிண்ட் பெயரும். ஒருத்தர் கையும் காலும் படாத இடத்தில் சில்லுப் பெயர்த்து வைத்தால் அது அலங்காரம்.

யோசித்துப் பார்த்தால் திருப்பூர் அளவுக்கு வெதரிங் நடக்கிற ஊர் அதிகம் இருக்காது. பருத்தியின் மேல்நாரைக் கடித்துத் தின்கிற என்ஸைம் போட்டுச் சுழற்றுகிறோம். காலைத் தேய்க்கிற ப்யூமிஸ் கல்லைத் துணியோடு டிரம்மில் போட்டு உருட்டுகிறோம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஊறிய கல்லால் திட்டுத் திட்டாக வெளுக்க வைக்கிறோம். மாடல்காரர் ‘வாஷ்’ என்றால் தூரிகை முனையில் ஒரு சொட்டு. இங்கே வாஷ் என்றால் ஒரு லோடு லாரி. 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்ததிலிருந்துதான் நேரடி ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவார்கள். வெள்ளையில் ஆரம்பித்த ஊர் நிறத்துக்குப் போய், நிறத்தை அழிக்கிற வேலைக்கும் போய்விட்டது.

போலிப் பழசுக்கு நிஜ விலை உண்டு. துருக்கியில் ஜீன்ஸை மணல் பீய்ச்சி வெளுக்க வைத்த இளம் தொழிலாளர்களுக்கு, சுரங்கக்காரர்களுக்கு வருகிற சிலிகோசிஸ் நுரையீரல் நோய் வந்தது. 2009இல் அந்த நாடு துணிக்கு மணல் பீய்ச்சுவதைத் தடை செய்தது. இங்கே விலையை நொய்யல் கொடுத்தது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழே விவசாயம் செய்தவர்கள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத முறைக்கு மாறியவைதான் பிறகு திறந்தன. அந்த மாசங்களில் ஊர் எப்படி இருந்தது என்பதைத் தனியாகத்தான் எழுதணும். இங்கே சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஒரு சட்டையில் நடக்காத பத்து வருஷத்தை எழுத, எங்கேயோ நிஜமாகவே பத்து வருஷம் அழிகிறது.

துணிக்கும் படைக்கும் இந்தப் புழுதி உறவு இன்னும் பழசு. காக் என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் மண், தூசு. காக்கி என்றால் தூசு நிறம். 1840களின் கடைசியில், பெஷாவர் பக்கம் ஹாரி லம்ஸ்டென் நடத்திய கைட்ஸ் படை அந்த நிறத்தை உடுத்தத் தொடங்கியது. 1857இல் பல பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் வெள்ளைச் சீருடையைத் தேயிலைச் சாறு, சேறு, மை என்று கையில் கிடைத்ததில் முக்கி எடுத்தன. ஒவ்வொரு சலவைக்கும் நிறம் போய்விடும் என்பதுதான் தொல்லை. 1884இல் லங்காஷயரில் எஃப். ஏ. காட்டி என்பவர் சலவைக்கு நிற்கும் காக்கிச் சாயத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தாதுக் காக்கி என்று அறியப்பட்ட அந்த வகைச் சாயத்தில் நூலுக்குள் தங்குவது இரும்பு ஆக்ஸைடும் குரோமியம் ஆக்ஸைடும். இரும்பு ஆக்ஸைடு என்றால் துரு. அதாவது காக்கிச் சட்டை பிறக்கும்போதே வெதரிங் ஆன சட்டை. தூசு படிந்தாலும் தெரியாதபடி முன்கூட்டியே தூசாக்கப்பட்டது. அதே இரும்பு ஆக்ஸைடுதான் நம் வீட்டு வாசலில் கோலத்துக்கு ஓரம் கட்டும் காவி. குப்பியில் வருகிற விலையுயர்ந்த துருத்தூளிலும் முக்காலே மூணுவீசம் அதுதான். இது தெரிந்த பிறகு நான் துருவுக்குக் காவிக்கட்டியைத்தான் இழைத்துக்கொள்கிறேன்.

இப்போது கேம்கரணுக்குப் போகலாம்.

பாகிஸ்தானின் ஒன்றாம் கவசப் பிரிவு பேட்டன்களோடு எல்லை தாண்டி, பியாஸ் ஆற்றுப் பாலத்தைப் பிடிக்கும் நோக்கில் வந்தது. எதிரே இந்தியாவின் நாலாவது மலைப் பிரிவு. முதல் மோதலில் அடிபட்டுப் பின்வாங்கி, அசல் உத்தர் என்ற கிராமத்தைச் சுற்றிக் குதிரைலாட வடிவில் காத்திருந்தது. அதன் துணைக்கு மூன்றாம் கேவல்ரியின் செஞ்சூரியன்கள், டெக்கான் ஹார்ஸின் பழைய ஷெர்மன்கள், எட்டாம் கேவல்ரியின் ஏஎம்எக்ஸ்-13கள். எல்லாம் ஆள் உயரக் கரும்புக்குள். கால்வாயை உடைத்து வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 8ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை நடந்த சண்டையில், ஒவ்வொன்றும் நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள பேட்டன்கள் அந்த நனைந்த மண்ணில் இறங்கின. 4 கிரெனடியர்ஸின் அப்துல் ஹமீத் ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் பீரங்கியால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டு, கடைசியில் அங்கேயே இறந்தார். பரம்வீர் சக்ரா கிடைத்தது. அழித்ததும் பிடித்ததுமாக இந்தியத் தரப்பு சொல்லும் எண்ணிக்கை 97 டாங்கிகள். சில சேற்றில் சிக்கி, காயமே இல்லாமல் நின்றன. அவற்றின் ஆட்கள் சிலர் கரும்புத் தோட்டத்தில் பதுங்கி, பிறகு சரணடைந்தார்கள்.

இதிலிருந்து என் மேஜைக்கு என்ன கிடைக்கிறது? முதலில், துரு வேண்டாம். சண்டை மூணு நாள். பெயிண்ட் பெயர்ந்த எஃகில் அதற்குள் கரும்பழுப்பு ஏறியிருக்கும், ஆரஞ்சு வழியாது. எரிந்த டாங்கி என்றால் கதை வேற. பெயிண்ட் மொத்தமாகக் கருகி, வெறும் எஃகு ஓரிரு நாளிலேயே ஆரஞ்சாகிவிடும், சக்கர ரப்பர் சாம்பலாகிவிடும். நான் செய்வது எரியாத வண்டி, சிக்கி நின்ற வண்டி. ஆக, மேலே பல வருஷ வெயிலில் மங்கிய அமெரிக்க ஆலிவ் பச்சை. அதன் மேல் எல்லை தாண்டி வந்த வழியின் காய்ந்த புழுதி, மெல்லிசாக. சக்கரங்களிலும் கீழ் உடம்பிலும் ஈரச்சேறு. சங்கிலிப் பட்டையின் இடுக்கில் நசுங்கிய கரும்புச் சோகை, அதுவும் பச்சையாக; செப்டம்பரில் கரும்பு வெட்டுக்கு வராது. சேறு கோபுரம் வரைக்கும் தெறிக்கக் கூடாது. வேகமாக ஓடுகிற வண்டிதான் தெறிக்கும், புதைகிற வண்டி உள்ளே இறங்கும்.

பிடிபட்ட பேட்டன்களைப் பிக்கிவிண்ட் கிராமத்தில் வரிசையாக நிறுத்தி அந்த இடத்துக்கு பேட்டன் நகர் என்றே பேர் வைத்தார்கள். பிறகு அவை நாடு முழுக்க ராணுவக் குடியிருப்புகளுக்கும் நினைவிடங்களுக்கும் பிரிந்து போயின. அப்படி நிற்கிற டாங்கிகள் எதையாவது பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் சங்கிலி, அடியில் சிமெண்ட் மேடை, மேலே கோட்டு மேல் கோட்டாகப் பளபளக்கும் எனாமல். முக்கியமான விருந்தாளி வருகிறார் என்றால் இன்னொரு கோட்டு. குண்டு பட்ட ஓட்டைக்குள்ளும் பச்சை பளபளக்கும். நிஜ டாங்கி பொம்மையாகிவிட்டது. அதனுடைய சேறு எங்காவது மிச்சமிருக்கணும் என்றால் அது பிளாஸ்டிக் மேல்தான் இருக்க முடியும் என்பது என் வீம்பு. ஆவடியில் 1965இலிருந்து செய்த விஜயந்தாவுக்காவது பெரிய கம்பெனி ஒன்று நல்ல பெட்டி போட்டிருந்தால், கேம்கரண் வரை போகாமல் நம்ம ஊர் மண்ணையே பூசியிருப்பேன்.

நம்ம ஊர் மண் இதற்கு ஆகாது. பல்லடம் ரோட்டோரச் செம்மண்ணைச் சலித்தால் அச்சு அசல் வியட்நாம். கேம்கரண் ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல் பூமி; காய்ந்தால் வெளிர் சாம்பல் பழுப்பு, நனைந்தால் கரும்பழுப்பு. அதற்குக் கிட்டத்தில் இருப்பது கொடுமுடியில் காவிரிக் கரையில் கிடைக்கிறது. ஒரு டிபன் பாக்ஸ் நிறைய அள்ளிவந்து, காயவைத்து, இடித்து, பனியன் கட்டிங் வேஸ்ட்டில் ரெண்டு மடிப்பாகச் சலித்தேன். அதோடு கொஞ்சம் பிளாஸ்டர், வெள்ளை ஃபெவிகால், ஒரு சிட்டிகை மஞ்சள் ஓக்கர், தண்ணீர். கெட்டியான முதல் பூச்சை நடுச்சக்கரங்களின் அச்சு உயரம் வரைக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் இன்னும் நீர்த்த ஒரு பூச்சு, ஈரம் காயாத இடத்துக்குப் பளபளப்பு வார்னிஷ். இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் இன்னும் சுத்தமாக, பச்சையாக இருக்கிறது.