கம்பிவழி வீட்டு இணைய இணைப்பு

கம்பிவழி வீட்டு இணைய இணைப்பு என்பது, ஒரு வீட்டில் உள்ள கணினி, தொலைக்காட்சி முதலிய கருவிகளைச் செப்புக் கம்பி அல்லது ஒளியிழை வடத்தின் ஊடாக இணையத்துடன் இணைக்கும் முறையாகும். வானலைகளைப் பயன்படுத்தும் கம்பியில்லா இணைப்புக்கு இது மாற்றாகும். கம்பிவழி இணைப்பின் சிறப்பு அதன் வேகமே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும் வேகத்தைக் காட்டிலும் முதன்மையானது, தரவு செல்லும் ஊடகம் பிறரோடு பகிரப்படாமல் இருப்பதும், அதனால் தாமதம் ஏறி இறங்காமல் சீராக இருப்பதும் ஆகும். இணையவழித் தேர்வு எழுதும் மாணவருக்கும், நிகழ்பட உரையாடல் வழியாக மருத்துவரிடம் பேசும் நோயாளிக்கும், இரண்டு நொடித் துண்டிப்புக்கூட இழப்பாகலாம். அவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது.

இரு வேறு கம்பிகள்

"கம்பிவழி இணைப்பு" என்னும் சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று, சேவை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வீடு வரை வரும் கம்பி. மற்றொன்று, வீட்டுக்குள் திசைவியிலிருந்து (ரூட்டர்) கணினி வரை செல்லும் கம்பி. திசைவியையும் மோடத்தையும் ஒரே பெட்டியாக அளிப்பது வழக்கமாகிவிட்டதால், பேச்சு வழக்கில் இரண்டும் "மோடம்" என்றே சொல்லப்படுகின்றன. குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளியிழை இணைப்பு வாங்கியவர் உள்ளறையில் கைப்பேசியைப் பயன்படுத்தும்போது, கடைசிச் சில மீட்டர் தொலைவைத் தரவு வானலையிலேயே கடக்கிறது. அங்கே வேகம் குறைந்தால் அது பெரும்பாலும் அந்தச் சில மீட்டரின் குறையே தவிர, ஒளியிழையின் குறையன்று. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2023 ஆம் ஆண்டு இந்தியாவில் ஏர்டெல், ஜியோ ஆகிய நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய "ஏர்ஃபைபர்" சேவைகளின் பெயரில் ஃபைபர் என்னும் சொல் இருப்பினும், அவை வானலை வழியாகவே வீட்டை அடைகின்றன. எனவே ஓர் இணைப்பைத் தேர்ந்தெடுப்பவர் எந்தப் பகுதி கம்பி, எந்தப் பகுதி வானலை என்று தனித்தனியே கேட்டறிய வேண்டும்.

வரலாறு

வீட்டுக்குள் பயன்படும் கம்பிவழி நுட்பமான ஈதர்நெட் ஒரு வானொலி வலையமைப்பிலிருந்து பிறந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் தலைமையிலான குழு 1971 ஆம் ஆண்டு அலோகாநெட் என்னும் வலையமைப்பை இயக்கியது. தீவுகளில் இருந்த முனையங்கள் ஒரே வானலை வரிசையைப் பகிர்ந்துகொண்டு மையக் கணினிக்குத் தரவுப் பொதிகளை அனுப்பின. இரு முனையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் பொதிகள் மோதிச் சிதையும். அப்போது சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்ப வேண்டும். நினைத்தபோது அனுப்பும் இந்த முறையில், அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்த இயலாது என்பது கணித முறையில் காட்டப்பட்டது.

அலோகாநெட்டை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், கலிபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் டேவிட் பாக்சுடன் இணைந்து, 1973 ஆம் ஆண்டு அக்கருத்தைக் கம்பிக்கு மாற்றினார். ஒளி பரவும் ஊடகமென முன்னாளில் நம்பப்பட்ட "ஈதர்" என்பதிலிருந்து பெயர் வந்தது. முதல் ஈதர்நெட் நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் இயங்கியது. 1983 இல் அது ஐஇஇஇ 802.3 என்னும் செந்தரமாயிற்று.

அக்காலத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த வடத்தில் தொங்கின. ஆகவே கம்பியிலும் மோதல் இருந்தது, நெரிசலும் இருந்தது. 1990களில் பரவிய "ஸ்விட்ச்" என்னும் கருவியே நிலைமையை மாற்றியது. ஒவ்வொரு கணினிக்கும் ஸ்விட்ச் வரை தனி வடம் கிடைத்தது. அனுப்புதலும் பெறுதலும் ஒரே நேரத்தில் நிகழலாயின. மோதல் என்பதே இல்லாமற் போயிற்று. 1997 ஆம் ஆண்டு முதன்முதலாகச் செந்தரமான வை-ஃபை (ஐஇஇஇ 802.11) நுட்பத்துக்கு அத்தகைய விடுதலை கிட்டவில்லை. காற்றைத் தனித்தனி வடங்களாகப் பிரித்துக் கொடுக்க இயலாதல்லவா.

வானலையில் நிகழ்வது

வை-ஃபை கருவி ஒன்று தரவை அனுப்புவதற்கு முன் அலைவரிசையில் வேறு எவரேனும் அனுப்புகின்றனரா என்று கவனிக்கிறது. அமைதியாக இருந்தால், தற்செயலாகத் தேர்ந்த ஒரு சிறு இடைவெளி காத்திருந்து அனுப்புகிறது. பெற்றவர் "கிடைத்தது" என்று மறுமொழி தர வேண்டும். வராவிட்டால் மறுபடியும் அனுப்புகிறது. இந்த நடைமுறையில் அடுத்த வீட்டாரின் திசைவியும் பங்காளியே. கடவுச்சொல் தெரியாதவர் நம் இணைப்பைப் பயன்படுத்த இயலாது. ஆனால் நம் அலைவரிசையின் நேரத்தை அவரால் எடுத்துக்கொள்ள முடியும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத வரிசைகளாகப் பொதுவாகப் பயன்படுபவை மூன்றே: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது திசைவிகள் இருந்தால் அவை இம்மூன்றுக்குள் அடங்க வேண்டும். நுண்ணலை அடுப்பும் இதே பட்டையில்தான் இயங்குகிறது. இந்தியாவில் இப்பட்டை 2005 ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018 ஆம் ஆண்டிலும் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. 5 கிகாஹெர்ட்ஸில் வரிசைகள் மிகுதி. ஆனால் அவ்வலைகள் கற்காரைச் சுவர்களைக் கடக்கும்போது கூடுதலாக வலுவிழக்கின்றன.

அதிகம் அறியப்படாத குறை ஒன்றும் உண்டு. தொலைவில் உள்ள கருவி, குறிகை வலுவிழந்ததால் மெதுவான வேகத்துக்கு இறங்குகிறது. அதே அளவு தரவை அனுப்ப அது கூடுதல் நேரம் அலைவரிசையைப் பிடித்துக்கொள்கிறது. இதனால் திசைவிக்கு அருகில் இருக்கும் வேகமான மடிக்கணினியும் மெதுவாகிறது. 802.11 ஏஎக்ஸ் முதலிய புதிய செந்தரங்கள் ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அலைவரிசையைப் பங்கிட்டுக் கொடுத்து நெரிசலைக் குறைக்கின்றன, பகிர்வை நீக்குவதில்லை.

தாமதமும் அதன் ஏற்ற இறக்கமும்

ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ நொடி. நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சென்னை-மும்பை தொலைவைச் சென்று திரும்ப, இயற்பியல் விதிப்படியே 10 மில்லி நொடி ஆகும். இதை எவராலும் குறைக்க இயலாது. வீட்டுக்குள் ஈதர்நெட் வடம் இதனுடன் சேர்ப்பது ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. நன்கு இயங்கும் வை-ஃபை சில மில்லி நொடிகளைச் சேர்க்கும். நெரிசலில் அதுவே நூற்றுக்கும் மேற்படலாம்.

பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நன்று என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. இந்த வரம்பைச் சராசரி தாண்டாமலே உரையாடல் கெடலாம். ஒரு பொதி 5 மில்லி நொடியிலும் அடுத்தது 120 மில்லி நொடியிலும் வந்தால் குரல் அறுந்து ஒலிக்கிறது. வேகச் சோதனைத் தளங்கள் முன்னிறுத்துவது ஒரு சில நொடிகளின் சராசரி வேகத்தையே. ஆகையால் "வேகம் நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது" என்னும் முறையீடு முரண்பாடன்று.

குறை எங்கே என்று அறிய எளிய வழி உண்டு. கணினியின் கட்டளைச் சாளரத்தில் "பிங்" கட்டளையைத் திசைவியின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். விடைகள் தாறுமாறாக வந்தால் குறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவை சீராக இருந்து, வெளியில் உள்ள வழங்கிக்கு மட்டும் தாறுமாறானால் குறை வெளியே இருக்கிறது. முதல் வகைக் குறையையே வீட்டு வடம் தீர்க்கும். ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போது திசைவியில் பொதிகள் வரிசையாகத் தேங்குவதால் வரும் தாமதத்தை வடத்தால் தீர்க்க இயலாது.

வீட்டுக்குள் வடம்

கடைகளில் "லேன் கேபிள்" எனப்படும் வடத்தில் நான்கு இணை செப்புக் கம்பிகள் உள்ளன. ஒவ்வோர் இணையும் முறுக்கப்பட்டிருப்பது புற இரைச்சலைக் குறைப்பதற்காகும். ஈதர்நெட் வடத்தின் நீள வரம்பு 100 மீட்டர். வீடுகளில் இது பொருட்டன்று. நொடிக்கு 1 கிகாபிட் வேகத்துக்கு கேட்-5இ வகையே போதும். கேட்-6 வகை ஏறத்தாழ 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டைத் தாங்கும். கேட்-6ஏ 100 மீட்டர் வரை தாங்கும். விலை வேறுபாடு சிறிதாதலால் புதிய வீட்டில் கேட்-6 இடுவது தக்கது.

வகையை விட உலோகத்தைக் கவனிப்பதே முதன்மையானது. மலிவாக விற்கப்படும் சில வடங்களில் அலுமினியத்தின்மேல் செப்புப் பூச்சு மட்டுமே உண்டு. இவை செந்தரத்துக்கு உட்பட்டவை அல்ல; எளிதில் முறிகின்றன; வடத்தின் வழியே மின்சாரமும் பெறும் கண்காணிப்புக் கேமரா போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் சூடேறும். "முழுச் செம்பு" என்று கேட்டு வாங்க வேண்டும்.

100 மெகாபிட் ஈதர்நெட் இரண்டு இணைகளையும், கிகாபிட் ஈதர்நெட் நான்கு இணைகளையும் பயன்படுத்துகின்றன. எட்டில் ஒரு கம்பி ஆர்ஜே-45 முனையில் சரியாகப் பொருந்தாவிட்டால், இணைப்பு அறுபடாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி இயங்கக்கூடும். 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் செலுத்தியும் வேகம் 95 அளவில் நின்றுவிடும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த முனையையே.

கட்டுமானத்தின்போதே சுவருக்குள் தனிக் குழாய் பதித்துவிடுவது நல்லது. மின்கம்பி செல்லும் குழாயில் இவ்வடத்தை நுழைப்பது பாதுகாப்புக்கு ஒவ்வாதது.

வீடு வரை வரும் கம்பி

இந்தியாவில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் ஆகியன 2005 சனவரியில் தொலைபேசிக் கம்பி வழியே அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கின. அப்போது அகலப்பட்டை என்பதன் வரையறை நொடிக்கு 256 கிலோபிட். 2013 இல் 512 கிலோபிட். 2023 இல் 2 மெகாபிட். செப்புக் கம்பியில் நிலையத்திலிருந்து தொலைவு கூடக் கூட வேகம் குறைந்தது. மேலேற்றும் வேகம் எப்போதும் சிறிதாகவே இருந்தது.

இன்றைய ஒளியிழை இணைப்புகளில் பரவலான ஜிபான் முறையில் கீழிறக்கம் 2.488 கிகாபிட், மேலேற்றம் 1.244 கிகாபிட். இதுவும் முற்றிலும் தனிக் கம்பியன்று. ஓர் இழை பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. ஆனால் யார் எப்போது அனுப்ப வேண்டும் என்பதை நிலையத்துக் கருவி முறை வைத்து ஒதுக்குவதால் மோதல் இல்லை.

கம்பி கிடைக்காத இடத்தில் வானலையே வழி. 1990களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் நுட்பம், செப்புக் கம்பி இடும் செலவைத் தவிர்க்கவே எழுந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரச் சிற்றூர்களின் இணைய மையங்கள் 2000களின் தொடக்கத்தில் அதன்வழி இயங்கின. வேகம் 35 அல்லது 70 கிலோபிட். 2024 ஆம் ஆண்டுக் கணக்குகளிலும் இந்திய அகலப்பட்டைப் பயனர்களில் கம்பிவழி இணைப்புடையோர் இருபதில் ஒருவருக்கும் குறைவே.

குறைபாடுகள்

கம்பி இடம்பெயராது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளரின் இசைவு வேண்டும். சாலை தோண்டும்போதும் புயலில் மரம் சாயும்போதும் வடம் அறுபடும். கைப்பேசிக் கோபுரங்கள் பலவும் ஒளியிழையால் இணைக்கப்பட்டவை என்பதால் அவையும் இதற்கு முழு விலக்கல்ல. பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. ஒளியிழைக் கருவிக்கு வராது. ஆகவே மின்வெட்டின்போதும் இணையம் வேண்டுவோர் திசைவிக்குச் சிறு மின்கலம் வைக்க வேண்டும். செப்புத் தொலைபேசிக் கம்பி இடி மின்னலின்போது மோடத்தைப் பழுதாக்கியதைப் பலர் கண்டிருப்பர்; கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

பாதுகாப்பில் கம்பி முந்துகிறது, ஏனெனில் ஒட்டுக்கேட்க வீட்டுக்குள் வர வேண்டும். வை-ஃபையின் முதல் மறையீட்டு முறையான வெப் 2001 இல் உடைக்கப்பட்டது. அதன் பின் வந்த டபிள்யூபிஏ2 முறையிலும் 2017 இல் ஒரு பிழை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.

தேர்வு

கைப்பேசியில் ஈதர்நெட் துளை இல்லாததால் வை-ஃபையை முற்றிலும் கைவிடுதல் நடைமுறையில் இல்லை. நகராத கருவிகளைக் கம்பிக்கு மாற்றுவதே வழக்கமான தீர்வு. மேசைக் கணினி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா ஆகியன வானலையை விட்டு விலகினால், மீதமுள்ள கைப்பேசிகளுக்கும் இடம் கிடைக்கிறது. பெரிய வீடுகளில் இரண்டாவது வை-ஃபை நிலையத்தைத் திசைவியுடன் வடத்தால் இணைப்பது, வானலை வழியே குறிகையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெருக்கியை விட மேலானது. அத்தகைய பெருக்கிகளில் பல, ஒரே அலைவரிசையில் ஒவ்வொரு பொதியையும் இருமுறை அனுப்புகின்றன. ஒரே ஒரு வடம்தான் இழுக்க முடியும் என்றால், அது பாடமோ பணியோ நடக்கும் மேசைக்குச் செல்ல வேண்டும். தொலைக்காட்சி சில நொடிக் காட்சியை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்வதால் சிறு தடங்கலைப் பொறுத்துக்கொள்ளும்.