சுண்ணாம்புச் சுவர்களின் ஓவியம்: 17-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் தேவாலய உட்புறங்கள்

பரோக் கலை என்றதும் பொன்முலாம் பூசிய பீடங்களும் மேகத்தில் மிதக்கும் தேவதூதர்களும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், அதே 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் தழைத்த தேவாலய உட்புற ஓவியம், வெறுஞ்சுவரையும் அதன்மேல் விழும் வெளிச்சத்தையுமே பொருளாகக் கொண்டது. சமயச் சீர்திருத்தவாதி கால்வினின் போதனையை ஏற்றவர்கள் 1566-இல் நகரம் நகரமாகத் திருவுருவங்களை உடைத்தனர். பின்னர்த் தேவாலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வசமானபோது பீடங்கள் அகற்றப்பட்டு, பழைய சுவரோவியங்கள்மீது சுண்ணாம்பு பூசப்பட்டது. திருப்பலிக்காக எழுப்பப்பட்ட கட்டடங்களில் இப்போது பிரசங்க மேடையே முதன்மை பெற்றது. இறந்தோரைத் தளத்துக்கடியில் புதைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இவ்வெறுமையை வரையத்தக்க பொருளாகக் கண்டவர் பீட்டர் சான்ரெடாம் (1597–1665). ஆன்ட்வெர்ப் நகரத்து முன்னோடிகள் பெரும்பாலும் கற்பனைத் தேவாலயங்களையே வரைந்துவந்த நிலையில், செப்புத்தகட்டுச் சித்திரக்காரர் ஒருவரின் மகனான இவர், 1628 முதல் ஹார்லெம் நகரின் புனித பாவோ தேவாலயம் போன்ற உண்மைக் கட்டடங்களை நேரில் பார்த்துத் தாளில் வரைந்து, நாளையும் இடத்தையும் அதிலேயே குறித்து, அளவுகளையும் சேர்த்துக்கொண்டார். வீடு திரும்பியபின், இணைகோடுகள் தொலைவில் ஒன்றுகூடுவதாகத் தோன்றும் மறைபுள்ளியைக் கண்மட்டத்தில் குறித்து, அளவுகோல் கொண்டு இரண்டாம் வரைபடம் ஒன்றை அமைத்து, அதையே மரப்பலகைக்கு மாற்றினார். வரைபடத்துக்கும் ஓவியத்துக்கும் இடையே பல ஆண்டுகள் கழிவதும் உண்டு.

இத்தனை கவனம் இருந்தும், அவருடைய ஓவியங்களை அப்படியே சான்றாகக் கொள்வது தவறு. தூண்களை மெலிவித்து வளைவுகளை உயர்த்துவது அவர் வழக்கம். 1629-இல் டச்சுப் படையிடம் வீழ்ந்த ஸெர்டோகன்பாஸ் நகரின் புனித யோவான் தேவாலயத்தை 1632-இல் நேரில் வரைந்த அவர், 1646-இல் அதை ஓவியமாக்கியபோது, பீடத்தில் இல்லாதுபோன படத்துக்கு ஈடாக ஓவியர் ஆபிரகாம் புளூமார்ட்டின் வேறொரு காட்சியைப் பொருத்திவிட்டார்! நேர்மையான அளவுகாரர் என்று அவரைப் புகழ்வோர் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

1650-ஐ ஒட்டி டெல்ஃப்ட் நகர ஓவியர்கள் வேறு வழி எடுத்தனர். ஹெரார்ட் ஹவுக்கேஸ்ட், நடுக்கூடத்தை நேராகப் பார்க்காமல் ஓரமாக நின்று சாய்வாகப் பார்த்து, ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரின் தலைவர் வில்லெமின் கல்லறையைத் தூண்களிடையே காட்டினார். சமயம் காலிசெய்த இடத்தில் நாட்டுப்பற்று குடியேறியதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது. எமானுவேல் டி விட்டேயோ வெயிலையும் மனிதரையும் உள்ளே அழைத்தார்: திறந்த குழியருகே வெட்டியான், கதை பேசும் நகரத்தார், தூணை நனைக்கும் நாய். ஆம்ஸ்டர்டாமில் குடியேறியபின் அவர் வெவ்வேறு தேவாலயங்களின் பகுதிகளை இணைத்துப் புதுக் கட்டடங்களையே படைத்தார்.

1636-இல் சான்ரெடாம் மாதக்கணக்கில் தங்கி வரைந்த உட்ரெக்ட் நகரின் மரியா தேவாலயம் 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. அங்குள்ள பேராலயத்தின் நடுக்கூடம் 1674-ஆம் ஆண்டுப் புயலில் சரிந்து, மீண்டும் கட்டப்படவே இல்லை. இவ்விரண்டின் பழைய உட்புறத்தை ஆராய்வோர் இன்று முதலில் நாடுவது அவருடைய ஓவியங்களைக் காட்டிலும், இடத்திலேயே தீட்டிய அந்தத் தாள்களைத்தான்.