விலைத் தந்திரங்களும் இளம் நுகர்வோரும்

வாங்குபவரை நின்று கணக்குப் பார்க்க விடாமல் பணத்தைக் கறக்கும்படி இணையதளத்தையோ செயலியையோ அமைப்பது விலைத் தந்திரம். இத்தகைய வடிவமைப்புகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010இல் பெயரிட்டவர் பிரிட்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல்.

சிறுவர்கள் இதை முதலில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் கைபேசி விளையாட்டுதான். அங்கே ரூபாய் கண்ணில் படாது. எல்லாம் 'நாணயம்', 'வைரம்'. ஓர் உடையின் விலை 800 நாணயம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 500, 1,000 என்ற பொதிகளே கிடைக்கும். பெரிய பொதியை வாங்கினால் 200 மிஞ்சும். அந்த மிச்சமே அடுத்த பொதியை வாங்கத் தூண்டும். பேருந்துச் சீட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் பிள்ளையும் இங்கே கணக்கைத் தவறவிடுகிறது.

இதில் அதிகம் பேசப்பட்டது எபிக் நிறுவனத்தின் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டு. பொத்தான் அமைப்பில் குழப்பி, வேண்டாதவற்றை வாங்கவைத்தது என்ற புகாரில் 24.5 கோடி டாலரைத் திருப்பித்தர அந்நிறுவனம் 2022இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் அதே நிறுவனத்துக்கு 2024 மே மாதம் 11.25 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. சலுகை முடிய மீதமுள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஓடி முடிந்த பிறகும் அதே பொருள் விற்பனையில் இருந்ததும் அங்கு எழுந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. பொய் அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது, வெளியேற விடாத சந்தா ஆகியவை அவற்றுள் சில.

சிறார் விஷயத்தில் பழைய சட்டமே இன்னும் கறார். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. வயது நிரம்பாத ஒருவர் எழுதிக்கொடுத்த அடமானம் செல்லாது என்று மொஹரி பீபி வழக்கில் 1903இல் அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆனால் வீட்டில் நடப்பது வேறு. கைபேசி அப்பாவுடையது, கணக்கு அவர் பெயரில், யூபிஐ ரகசிய எண்ணோ பிள்ளைக்கு மனப்பாடம். ஆவணப்படி வாங்கியவர் அப்பாதான். சந்தா போன்றவற்றுக்கான தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியும் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும் அதே கைபேசிக்குத்தான் வரும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் உள்ளன. எடை, காலாவதித் தேதி பார்க்கக் கற்பதோடு கடிகாரத்தைச் சோதிக்கவும் அங்கே பழக்கலாம். 'இன்னும் 10 நிமிடமே' என்ற சலுகை முடியும்வரை காத்திருந்து பக்கத்தை மறுபடி திறந்தால் போதும். எண் திரும்பவும் பத்திலிருந்து இறங்கத் தொடங்கினால், திரையைப் படம்பிடித்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம்.