சூரியனின் கரும்புள்ளி: அல் கிந்தீ முதல் சோஹோ வரை

ஹிஜ்ரி 225ஆம் ஆண்டில் (கி.பி. 840), அப்பாஸிய கலீஃபா முஃதஸிமின் காலத்தில், சூரியனின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு கரும்புள்ளி தென்பட்டதென்றும் அது 91 நாட்கள் நீடித்ததென்றும் அரபுப் பதிவுகள் கூறுகின்றன. மெய்யியலறிஞர் அல் கிந்தீ, வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே வந்ததே காரணம் என்றார். வெள்ளியோ சில மணி நேரத்தில் கடந்துவிடும். எனினும் அவரைக் குறை கூறுவதற்கில்லை. வானுலகப் பொருள்களில் மாசு இராது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தே அன்றைய அறிஞருலகை ஆண்டது.

அப்புள்ளிகள் சூரியனுக்கே உரியவை; அவை வலிய காந்தப்புலம் குடிகொண்ட இடங்கள் என்பதை 1908இல் ஜார்ஜ் எல்லரி ஹேல் நிறுவினார். அவற்றின் அருகிலிருந்து வெடித்தெழும் மின்துகள் மேகங்கள் பூமியை எட்டினால் நேர்வது என்ன? 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 60 இலட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். மேகம் வந்துசேரப் பெரும்பாலும் ஒரு நாள் முதல் மூன்று நாட்கள் ஆகும். புறப்படும்போதே கண்டுகொண்டால் எச்சரிக்கலாம். ஆனால் தரையிலுள்ள நோக்ககத்திற்கு இரவும் மேகமும் காற்றுமண்டலமும் தடை.

அத்தடைகளைக் கடந்து நிற்பதே சோஹோ. ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் இணைந்து 1995 டிசம்பர் 2இல் ஏவிய இவ்விண்கலம், பூமியிலிருந்து சூரியத் திசையில் சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, இரவென்பதே இன்றிச் சூரியனை நோக்கியது. இரண்டாண்டுகள் உழைத்தால் போதும் எனக் கருதியே அதனை அமைத்தனர். 1998 ஜூன் 25இல் தரையிலிருந்து அனுப்பிய கட்டளைகளில் நேர்ந்த பிழைகளால் கலம் நிலைகுலைந்து சுழன்றது; தொடர்பும் அறுந்தது. பலகைகளில் வெயில் படவில்லை, மின்சாரம் இல்லை, எரிபொருள் உறைந்துபோனது.

பொறியாளர்கள் கைவிடவில்லை. ஜூலை 23இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ வானொலித் தொலைநோக்கி ராடார் அலைகளை அனுப்ப, கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் எதிரொலியைப் பெற்றது. கலம் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒருமுறை சுழன்றுகொண்டிருந்தது. ஆகஸ்ட் 3இல் அதனிடமிருந்தே மெல்லிய சமிக்ஞை வந்தது. முதலில் மின்கலங்கள், பிறகு வாரக்கணக்கில் எரிபொருளை உருக்கும் பணி. செப்டம்பர் 16இல் மீண்டும் சூரியனை நோக்கித் திரும்பியது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில், திசையறிய உதவும் கடைசி கைரோஸ்கோப்பும் பழுதாயிற்று. கைரோஸ்கோப்பே தேவைப்படாத புதிய மென்பொருளை எழுதி 1999 பிப்ரவரியில் பணியைத் தொடரச் செய்தனர். பழுதுபார்க்க எவரும் செல்லவியலாத தொலைவில் இதைச் சாதித்தது எளிய செயலன்று.

2003 அக்டோபர் 28இல் ஒரு பெருவெடிப்பின் மேகத்தைச் சோஹோ படம்பிடித்தது. விரைந்து வந்த துகள்கள் அதன் படங்களையே பனி பெய்ததுபோல் மறைத்தன. இருபது மணி நேரத்திற்குள் மேகம் பூமியை அடைந்தது. மறுநாள் இன்னொன்றும் பின்தொடர, 30ஆம் நாள் சுவீடனின் மால்மோ நகரில் ஏறத்தாழ 50,000 இணைப்புகளில் மின்சாரம் நின்றது.